கையில் ஒன்றுமில்லாத பெண்

"கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க தங்கச்சி. அப்படித்தான். விரலை மடக்காதீங்க, கோழிக்குத் தீனி போடுற மாதிரி இருக்கு."

அலெய்தா கையைத் தூக்கினாள். அந்தக் கையில் ஒன்றும் இல்லை. கோப்பை இல்லை, பூ இல்லை, பாட்டுப் புத்தகம் இல்லை. காலையிலிருந்து வெறுங்கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தோள்பட்டை கழன்று தனியாக வந்துவிடும் போலிருந்தது. குளிர்காலத்தில் ஹார்லெம் நகரத்துப் பெண்களுக்குச் செய்ய எத்தனையோ வேலை உண்டு. காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதில் ஒன்றாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"என் கையில என்னதான் வரப்போகுது?" என்று கேட்டாள்.

"அது படத்துல வரும்."

"அதான், படத்துல என்ன வரும்?"

"வந்ததும் பாருங்க" என்றார் ஓவியர் எவர்ட். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகைக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த மனிதர் வேலை செய்கிற விதமே அப்படி. குடும்பப் படம் என்றால் குடும்பத்தையே கூட்டி உட்காரவைத்து வரைவார் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒவ்வொருவராகத்தான் வரச் சொல்வார். முகத்தையும் கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். உடையைக் கழற்றி வாங்கி, ஆள் உயர மரப்பொம்மைக்கு மாட்டி, அதைப் பார்த்து வரைவார். கையில் இருக்க வேண்டியது எதுவோ, அது கடைசியில்தான் வரும். அலெய்தாவின் கணவன் யோரிஸ் போன வாரம் வந்து, இல்லாத புல்லாங்குழலை வாயில் வைத்து, விரல்களைக் காற்றில் பரப்பிக்கொண்டு அரைநாள் உட்கார்ந்துவிட்டுப் போனான். யோரிஸின் அக்கா பெட்ரோனெல்லா பாடுவதுபோல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தபடியே ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் இருந்தது பிறந்ததிலிருந்து அன்று ஒருநாள்தான். வீட்டு நாயும் வந்தது. அதற்கு மட்டும் கையோடு கூலி கிடைத்தது, ஒரு துண்டு தொத்திறைச்சி.

யோரிஸுக்கு ஊருக்கு வெளியே மணல்மேடுகள் ஓரம் துணி வெளுக்கும் களம் இருந்தது. வெயில் காலம் முழுக்க லினன் துணியைப் புல்லில் விரிப்பதும், மோரில் ஊறப்போடுவதும், மறுபடி விரிப்பதுமாக ஓடும். பனி விழுந்தால் களத்தை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில்தான் அவனுக்குப் படம் வரையும் யோசனை வந்தது. குடும்பம் ஒன்றுகூடி இசைக்கிற மாதிரி ஒரு படம். ஊரில் கௌரவமான வீடு ஒவ்வொன்றிலும் அது தொங்கியது. வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல எங்கள் வீட்டிலும் எல்லாரும் ஒத்துப்போகிறோம் என்று வருகிறவர்களுக்குச் சொல்லாமல் சொல்லும் படம். உண்மையில் யோரிஸ் குழலை எடுத்தால் பூனை தெருவுக்குப் போய்விடும். பெட்ரோனெல்லா திருப்பாட்டை மற்றவர்களுக்கு முன்னால் பாடி முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதுதான் அந்த வீட்டின் ஒத்திசைவு.

அந்த வீட்டில் நிஜமான இசை ஒரு மூலையில் பூட்டிக் கிடந்தது. யோரிஸின் முதல் மனைவி கத்லைனுடைய விர்ஜினல் அது. மேசை மேல் வைத்த மரப்பெட்டி போலிருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே கட்டைகள் வரிசையாக இருக்கும், அழுத்தினால் தந்தி பேசும். சுவரில் அதற்கு மேலே ஒரு கண்ணாடி. கத்லைன் காய்ச்சலில் போன பிறகு யாரும் அதைத் திறந்து அலெய்தா பார்த்ததில்லை. சாவி சன்னேயிடம் இருந்தது.

சன்னே கத்லைனின் மகள். பதினான்கு வயது, ஆனால் வளர்த்தி அதிகம். தாயின் அதே வெளிறிய பொன்னிறக் கூந்தல், அதே நீண்ட கழுத்து. படம் வரையும் பேச்சு வந்தபோதே அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா இல்லாத படத்துல எனக்கு என்ன வேலை? நான் வரலை."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். யோரிஸ் "சரி" என்றான். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பவன்தான். வீடு தீப்பிடித்தது என்றாலும் முதலில் சரி என்றுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

"ஏங்க, பொண்ணு இல்லாம அது என்ன குடும்பப் படம்?" என்று அலெய்தா கேட்டாள்.

"எவர்ட் பாத்துக்குவாரு" என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலெய்தா இந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் சன்னே அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று கூப்பிடவில்லை, அது போகட்டும். சித்தி என்றும் இல்லை, பெயர் சொல்லியும் இல்லை. பக்கத்தில் வந்து நின்று, "உப்பு எங்க இருக்கு?" என்று நேராகத் தொடங்குவாள். அலெய்தா அறையின் மறுகோடியில் இருந்தால், இவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசுவாள். மரியாதைக்குக் குறைவில்லை, 'நீங்க' தான். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். இந்தக் கூப்பிடாமைக்கு என்ன மருந்து இருக்கிறது? அலெய்தாவுக்குப் பட்டு வேண்டாம், முத்து வேண்டாம், படத்தில் இடம்கூட வேண்டாம். அந்தப் பெண் தன்னை ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட வேண்டும். அது போதும்.

அவளுக்கு ஒரு ரகசியமும் இருந்தது. ஒருநாள் மீன் சந்தையிலிருந்து சீக்கிரம் திரும்பியவள், நடையில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே விர்ஜினல் ஒலித்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சன்னே அதைத் திறந்து வாசிக்கிறாள்! நல்ல வேகமான நடனப் பாட்டு. ஓர் இடத்தில் மட்டும் அவசரப்பட்டுத் தடுக்கி விழுந்தாள், மறுபடி தொடங்கினாள், மறுபடி அதே இடத்தில் விழுந்தாள். அலெய்தாவுக்கு வாத்தியம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் வெளுப்புக் களத்தில் வேலை செய்து வளர்ந்தவள். ஈரத் துணியை நீளமாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நடக்கும்போது, எல்லார் காலும் ஒன்றாக விழ ஒருத்தி கையை அசைத்து அளவு காட்ட வேண்டும். அந்த ஒருத்தி எப்போதும் அலெய்தாதான். இப்போதும் அவள் கை தானாக எழுந்தது. ஒரு கையில் மீன் கூடை, மறுகை காற்றில் தாளம். பாட்டு முடிந்ததும் பூனைபோல வெளியே போய், கதவைத் தடால் என்று திறந்துகொண்டு புதிதாக வருகிறவள்போல உள்ளே வந்தாள். அதற்குப் பிறகு சந்தைக்குப் போகிற நாளெல்லாம் அவள் சீக்கிரம் திரும்பினாள். நடையில் நின்றாள், கையை அசைத்தாள், வெளியே போய்த் திரும்பி வந்தாள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் மேலாடை காணாமல் போயிற்று.

அது கத்லைனுடைய மஞ்சள் மேலாடை, ஓரமெல்லாம் வெள்ளை மென்மயிர் வைத்தது. துணிப் பெட்டியின் மேல் அடுக்கில் இருக்கும். பூச்சி வராமல் லாவெண்டர் போட்டு வைப்பதற்காக அலெய்தா பெட்டியைத் திறந்தால் அது இல்லை.

"அந்த மஞ்சள் மேலாடை எங்கங்க?"

யோரிஸ் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தான். "எவர்ட் கேட்டாரு. குடுத்தேன்."

"அதை எதுக்குக் கேட்டாரு?"

"படத்துக்காம்."

"எத்தனையோ மேலாடை இருக்கே. அதை எதுக்குக் குடுத்தீங்க?"

யோரிஸ் கொஞ்சம் யோசித்தான். "அதைத்தான் கேட்டாரு" என்றான். அதோடு அவனுடைய கணக்கில் விஷயம் முடிந்துவிட்டது. பாலாடைக்கட்டிக்குத் திரும்பிவிட்டான்.

அலெய்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை விளக்கத்தான் கடவுள் பெட்ரோனெல்லாவைப் படைத்திருக்கிறாரே. அன்று மத்தியானமே அவள் வந்து, தணல் போட்ட கால் சூட்டுப்பெட்டியில் காலை வைத்துக்கொண்டு, பாதி பியரைக் குடித்துவிட்டு விளக்கினாள்.

"இதுகூடப் புரியலையா உனக்கு? கத்லைனையும் சேத்து வரையப் போறாங்க. ஊர்ல நடக்காததா? மதுக்காய்ச்சுற பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுல போய்ப் பாரு. செத்த பொண்டாட்டி வலது பக்கம், இருக்கிற பொண்டாட்டி இடது பக்கம், நடுவுல அவரு. ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வெச்ச வெண்ணெய் மாதிரி."

"அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி."

"அவன் எதைத்தான் சொன்னான்? அது கிடக்கட்டும், உன் கையில என்ன குடுத்திருக்காரு?"

"ஒண்ணுமில்ல. சும்மா தூக்கிப் பிடிக்கச் சொல்றாரு."

பெட்ரோனெல்லா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ கூஜாதான். நின்னுக்கிட்டு, கையைத் தூக்கிக்கிட்டு, மத்தவங்க பாடும்போது... வேலைக்காரிதான் அப்படி நிப்பா. நான் ஒண்ணும் சொல்லலைம்மா. உன் மனசு புண்படும்."

அன்று முழுக்க அலெய்தாவுக்கு எதைத் தொட்டாலும் கை தவறியது. கத்லைன் படத்தில் வருவது தப்பா? இல்லை. செத்தவள் மேல் பொறாமைப்படுகிறோமே, இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம், என்னிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று கொதித்தாள். இந்தப் படம் முன்கூடத்தில் தொங்கும். அவள் செத்த பிறகும் தொங்கும். வருகிற ஒவ்வொருவரும் விர்ஜினல் முன்னால் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, இவள்தான் வீட்டுக்காரி என்பார்கள். கூஜாவோடு நிற்பவளை யாரும் கேட்கவே மாட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு. பொறுக்க முடியாமல் மறுநாள் காலையில் எவர்ட்டின் வீட்டுக்குப் போனாள்.

ஓவியர் வாசலில் மரக்கட்டைக் காலணியை உதறிக்கொண்டிருந்தார். அவர் வாயெடுக்கும் முன்பே அலெய்தா உள்ளே போய்விட்டாள். படம் சுவர்ப்பக்கம் திரும்பாமல் வெளிச்சத்தைப் பார்த்தபடிதான் இருந்தது.

அவள் பயந்தது எல்லாம் அங்கே இருந்தது. நடுவில் விர்ஜினல். அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். மஞ்சள் மேலாடை, வெள்ளை மென்மயிர், நீண்ட கழுத்து, தூக்கிக் கட்டிய வெளிறிய பொன்னிறக் கூந்தல். மேலே கண்ணாடியில் அவள் முகம் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும். இந்தப் பக்கம் யோரிஸ் குழலோடு, அந்தப் பக்கம் பெட்ரோனெல்லா வாயோடு. ஓரத்தில் அலெய்தா, வெறுங்கையைத் தூக்கியபடி.

"யாரு இது?" என்றாள்.

எவர்ட் தலையைச் சொறிந்தார். "அதை நான் சொல்லக்கூடாது தங்கச்சி. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

ஒருத்தர்! யோரிஸைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? அலெய்தாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குள் இத்தனை அழுத்தமா?

"இவளை மறைச்சிடுங்க" என்றாள்.

"என்னது?"

"மறைச்சிடுங்க. இல்லைன்னா என்னை அழிச்சிடுங்க. ரெண்டுல ஒண்ணு. நான் இவ பக்கத்துல நிக்க மாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. படத்துலயே இதுதான் நல்லா வந்திருக்கு."

"எனக்குத் தெரியும், நல்லாத்தான் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மரப்பொம்மைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். மரப்பொம்மை அந்த மஞ்சள் மேலாடையைத்தான் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை இன்னும் கூடிற்று.

எவர்ட்டுக்குப் பெண்கள் அழுதால் தாங்காது. தவிர அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. திரைச்சீலை வரைவதென்றால் உயிர். மடிப்பு மடிப்பாக, தொட்டால் சரசரக்கும் என்பதுபோல வரைவார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றுவிட்டு, "ஒரு பச்சைத் திரை வேணும்னா இழுத்து விடலாம்" என்றார். "மெல்லிசாத்தான் போடுவேன். பச்சை காயறதுக்கு நாளாகும். அதுக்குள்ள மனசு மாறினா எடுத்துடலாம். ஆனா ஒண்ணு. இவளை மறைச்சுட்டா, அப்புறம் உங்க கைக்கு அர்த்தமே இருக்காது."

"இப்ப மட்டும் என் கைக்கு என்ன அர்த்தம் வாழுதாம்?" என்று கேட்டுவிட்டு அலெய்தா எழுந்து வந்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று அவளால் சந்தோஷப்பட முடிந்ததா? அதுதான் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு குழப்பம் இரட்டிப்பாயிற்று. காரணம் சன்னே. அந்தப் பெண் திடீரென்று மாறிப் போயிருந்தாள். அலெய்தா தைத்துக்கொண்டிருந்தபோது கேட்காமலே கால் சூட்டுப்பெட்டியில் தணல் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தையல் வகுப்பிலிருந்து வரும்போது காகிதத்தில் சுற்றிய ஒரு சுடு வாஃபிளை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான்" என்றாள். அப்போதும் கூப்பிடவில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"படம் எப்ப வரும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைன்னு உங்கப்பா சொன்னாரு. நீதான் அதுல இல்லையே, உனக்கு எதுக்கு அவசரம்?"

"சும்மாதான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அலெய்தா யோசித்தாள். அப்படியானால் இவளுக்கும் தெரியும். தன் அம்மா படத்தில் வருகிறாள் என்று தெரிந்துதான் இத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் தன்னிடம்கூட அன்பாக இருக்கிறாள். பெற்ற தாயின் முதுகையாவது பார்க்கலாம் என்று ஒரு குழந்தை காத்திருக்கிறது. அதன் மேல் நான் போய்த் திரையை இழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்ன மாதிரிப் பெண் நான்? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எவர்ட் வீட்டுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. படத்துக்குச் சட்டம் வாங்க ஆம்ஸ்டர்டாம் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மறுநாள் போனாள், அப்போதும் பூட்டு. அவருக்கு நல்ல சட்டம் தேடுகிற புத்தி இந்தச் சமயத்தில்தானா வர வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு எல்லாரும் வந்த பிறகு, எவர்ட் படத்தைச் சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அலெய்தா அவரை நடையிலேயே பிடித்து, "எடுத்திட்டீங்களா? திரையை எடுத்திட்டீங்களா?" என்று காதில் கேட்டாள். அவர் பாவம், விழித்தார். "நீங்க சொன்னபடியேதானே செஞ்சிருக்கேன்" என்றார். அதற்குள் யோரிஸ் வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விர்ஜினலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். எவர்ட் மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்தார்.

திரை பிரமாதமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். படத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை பச்சை மடிப்புகள் வழிந்தன. இந்தப் பக்கம் யோரிஸ் குழல் ஊதினான். அந்தப் பக்கம் பெட்ரோனெல்லா பாடினாள். நாய் நிஜ நாயைவிட அழகாக இருந்தது. ஓரத்தில் அலெய்தா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் அத்தனை கவனத்தோடு, ஒரு திரைச்சீலையைப் பார்த்து நின்றாள். அந்தக் கையில் ஒன்றும் இல்லை. கூஜாகூட இல்லை.

"திரை நல்லாருக்கு" என்றான் யோரிஸ்.

பெட்ரோனெல்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடி இது, ஈ ஓட்டுறியா? இல்ல, திரைக்கு ஆசீர்வாதம் பண்றியா?"

அலெய்தா சன்னேயைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்த துணிபோல ஆகிவிட்டிருந்தது. படத்துக்கு மிக அருகில் போய், பச்சையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் எங்க?" என்றாள்.

"நீதான் வரலைன்னுட்டியே" என்றான் யோரிஸ்.

"வந்தேன்! தையல் வகுப்புன்னு சொல்லிட்டு இவர் வீட்டுக்குத்தான் போனேன். முகத்தைக் காட்டி உக்கார மாட்டேன்னு சொன்னேன். சரி, முதுகைக் காட்டி உக்காருன்னாரு. அம்மாவோட மேலாடையை நான்தான் வாங்கச் சொன்னேன். அதைப் போட்டுக்கிட்டா அம்மாவும் இருக்கிற மாதிரின்னு நினைச்சேன். நான் வாசிக்கிறேன், இவங்க..." அவள் அலெய்தாவின் பக்கம் கையைக் காட்டினாள், "இவங்க தாளம் போடுறாங்க. மேல கண்ணாடியில நான் இவங்க கையைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்படித்தான் வரையச் சொன்னேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

அலெய்தா தன் கையைப் பார்த்தாள். "தாளமா? உனக்கு எப்படி..."

"கண்ணாடிதான் இருக்கே" என்றாள் சன்னே. "விர்ஜினல் மேல இருக்கிற கண்ணாடியில நடை முழுசா தெரியும். மீன் கூடையோட நிப்பீங்க. முதல் நாளே பாத்துட்டேன். உங்க கையைப் பாத்து வாசிச்ச பிறகுதான் அந்த இடத்துல எனக்குத் தடுக்கவே இல்ல."

எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எவர்ட் கூரையின் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சன்னே அவர் முன்னால் போய் நின்றாள். "ஏன் மறைச்சீங்க? நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்களே!"

அவர் மறுபடி விட்டத்தைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற புத்தி அவரிடம் கிடையாது. அந்த நிமிடத்தில் அலெய்தா சும்மா இருந்திருந்தால், ஓவியரின் கிறுக்கு என்று விஷயம் முடிந்துபோயிருக்கும்.

"நான்தான் மறைக்கச் சொன்னேன்" என்றாள் அலெய்தா.

சன்னே திரும்பினாள்.

"உங்கம்மான்னு நினைச்சேன். உங்கப்பா வரையச் சொல்லியிருக்காருன்னு நினைச்சேன். எனக்குப் பொறுக்கலை."

யோரிஸ் இந்தத் தடவை சரி என்று சொல்லவில்லை. சன்னே அலெய்தாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி மாடிப்படியை நோக்கி நடந்தாள். ஏறத் தொடங்கினாள்.

மன்னிப்புக் கேட்கலாம், கெஞ்சலாம், பின்னால் ஓடலாம். அலெய்தாவுக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கறை பட்டால் உடனே எடுக்க வேண்டும், காய விட்டால் போச்சு. அலமாரியிலிருந்து வெளுத்த துணி ஒன்றை உருவினாள். எவர்ட்டின் பைக்குள் கையை விட்டு, அவர் தூரிகை கழுவ வைத்திருந்த டர்பெண்டைன் புட்டியை எடுத்தாள். துணியை நனைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டாள்.

"ஐயோ தங்கச்சி! நான் பண்றேன், இறங்குங்க! அழுத்தாதீங்க!" எவர்ட் அலறினார்.

"எங்க வீட்டுப் பொண்ணை நானே எடுத்துக்கிறேன்" என்றாள். கண்ணீரில் அவளுக்குப் படம் சரியாகத் தெரியக்கூட இல்லை. பச்சை துணியில் ஏறி வந்தது. முதலில் விர்ஜினலின் கட்டைகள் தெரிந்தன. பிறகு அவற்றின் மேல் இரண்டு சின்னக் கைகள். பிறகு மஞ்சள், மென்மயிரின் வெள்ளை, கழுத்து. திரை கரையக் கரைய, ஓரத்தில் நின்ற பெண்ணின் கைக்கு ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவள் துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி இருந்த இடத்துக்குப் போனாள். சாம்பல் தீற்றல் இருந்த இடத்தில் இப்போது ஒரு முகம் இருந்தது; திரையை இழுக்கும் முன்பே எவர்ட் அதை வரைந்து முடித்திருக்கிறார். பச்சைக்கு அடியில் ஒரு நெற்றி வந்தது, மேல்நோக்கிப் பார்க்கிற ஒரு கண் வந்தது.

படிகளில் காலடிச் சத்தம் நின்றிருந்தது. பிறகு அது இறங்கி வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் யாரோ வந்து நின்று அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மெதுவாம்மா" என்றாள் சன்னே. "என் மூக்கு போயிடும்."

அலெய்தாவின் கை நின்றுவிட்டது. துணியைப் பிடித்தபடி, அந்தரத்தில், படத்தில் இருந்த மாதிரியேதான் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்தச் சொல் கலைந்துவிடுமோ என்று பயந்தாள்.

மூக்கு போகத்தான் செய்தது. நுனியில் கொஞ்சம் பச்சை ஏறிவிட்டது. எவர்ட் மறுவாரம் வந்து சரிசெய்கிறேன் என்றார். சன்னே விடவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், கண்ணாடியில் இருக்கிற பெண்ணுக்கு மூக்கு ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கம்மா துடைச்சது என்பாள் சன்னே.